கஹாபாவை யார் காலி செய்தது?

வணக்கம் சார். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் தலைநகராக இருந்த கஹாபாவை ஆற்று வெள்ளம் அழித்துவிட்டது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அவ்வளவு சுலபமாக ஒரு ஊர் காலியாகிவிடுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் வேறு யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. கஹாபா ஆறு அலபாமா ஆற்றில் கலக்கும் இடத்தில் ஊரைக் கட்டினால் தண்ணீர் வரத்தான் செய்யும். 1820இல் அங்கே அமைந்த தலைநகரை, வெள்ளத்தைக் காரணம் காட்டி 1826இல் டஸ்கலூசாவுக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஊர் படுத்தது உண்மை. ஆனால் எழுந்துவிட்டது. காரணம், டல்லஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி; டெக்சஸில் உள்ள டல்லஸ் அல்ல) கோர்ட் அங்கேயே இருந்தது. கோர்ட் இருந்தால் வக்கீல் இருப்பார், கட்சிக்காரர் வருவார், விடுதியும் சாப்பாட்டுக் கடையும் ஓடும். கூடவே, பருத்திப் பொதிகளை மொபீல் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் நீராவிப் படகுகள். 1859இல் ரயிலும் வந்தது.

அப்புறம் உள்நாட்டுப் போர். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பு அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப்போனது. கட்டி முடிக்காத ஒரு பருத்திக் கிடங்கில் வடக்குப் படைக் கைதிகளை ஆயிரக்கணக்கில் அடைத்தது. 1865இல் மறுபடி வெள்ளம். மறு வருஷமே கோர்ட் செல்மாவுக்குப் போயிற்று. இந்த முறை ஊரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. போனவர்கள் வீடுகளையே பிரித்து எடுத்துப்போனார்கள். 1854இல் மரத்தால் கட்டிய செயின்ட் லூக்ஸ் தேவாலயத்தைக்கூட 1878இல் கழற்றி வேறு ஊரில் நிறுத்தினார்கள். நம் காலத்தில்தான் அது திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் ஊர் அப்போதும் காலியாகவில்லை சார். போனவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். 1860 கணக்கெடுப்பில் அந்தக் கவுண்டி மக்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் அடிமைகள். விடுதலை பெற்றவர்கள் கஹாபாவில் தங்கினார்கள், வெறும் மனைகளில் பயிர் வைத்தார்கள், கைவிடப்பட்ட கோர்ட் கட்டிடத்தில் அரசியல் கூட்டம் போட்டார்கள். 'பேய் ஊர்' என்று படம் எடுப்பவர்கள் க்ரோச்செரன் மாளிகையில் மிஞ்சிய செங்கல் தூண்களைக் காட்டுவார்களே தவிர, இவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசியில் பழைய ஊரின் பெரும்பகுதியை 500 டாலருக்கு வாங்கியவர் ஒரு முன்னாள் அடிமை. மிச்சக் கட்டிடங்களை இடித்து, கிடைத்த சாமான்களைப் படகில் மொபீலுக்கும் செல்மாவுக்கும் அனுப்பிவிட்டார். காணொளியில் அதைச் சொன்னார்களா?