ரீச்சர், மகன் நாவல் எழுதட்டும், வேலையை மட்டும் இப்ப விட வேண்டாம்

ரீச்சர், நேத்து உட்துறைமுக வீதியில வச்சு நீங்க கேட்டதுக்கு றோட்டில நிண்டு ஒழுங்கா பதில் சொல்லேலாமப் போச்சு, அதான் இருந்து எழுதுறன். மகனுக்கு 46 வயசு, கொழும்பில சொப்ட்வெயர் வேலை, ரெண்டு பிள்ளையள், மூத்தது வாற வருசம் ஓ.எல் சோதனை, வெள்ளவத்தையில வாங்கின அடுக்குமாடி பிளட்டுக்கு லோன் இன்னும் ஓடுது, இப்ப வந்து வேலையை விட்டுட்டு ஊரில இருந்து நாவல் எழுதப் போறன் எண்டு நிக்கிறார், இவனுக்கு ஏதும் குழம்பிட்டுதோ எண்டு கேட்டீங்க. குழம்பேல்ல ரீச்சர். படிப்பு, வேலை பற்றி ஆலோசனை கேட்டு என்னட்ட வாறது கூட ஏ.எல் பிள்ளையளும் அவையிட தாய் தகப்பனும்தான், ஆனா நாப்பது தாண்டின ஐ.ரி ஆக்களும் இப்ப வருகினம், அவையள் கேக்கிறதும் கிட்டத்தட்ட இதுதான், நான் இனி வேற என்ன செய்யலாம் எண்டு.

முதல்ல ஒண்டு. மகன் ரெண்டு விசயத்தை ஒண்டா கட்டி வச்சிருக்கிறார், நாவல் எழுதுறது ஒண்டு, வேலையை விடுறது இன்னொண்டு. நீங்களும் அதை ஒண்டாவே பாத்து பயப்படுறீங்க. அவிழ்த்துப் பாருங்க, முதலாவதுக்கு நீங்க பயப்பட ஒண்டுமே இல்ல, ரெண்டாவதுக்கு நானே கொஞ்சம் பொறுங்க எண்டு சொல்லுவன்.

சுஜாதாவை நீங்க வாசிச்சிருப்பீங்க. அவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில எஞ்சினியர், இந்தியாவில வோட்டுப் போடுற மெசினை உருவாக்கின வேலையில முன்னுக்கு நிண்டவர், அவ்வளவு கதையும் நாவலும் எழுதினதில பெரும்பகுதி அந்த வேலையில இருந்துகொண்டுதான். ஜெயமோகனும் தொலைபேசித் துறையில வேலை பாத்துக்கொண்டே பெரிய நாவலுகள் எழுதினவர். வெளிநாட்டில பாத்தால் ஆண்டி வியர் எண்டு ஒரு அமெரிக்கர், கொம்பியூட்டர் புரோகிராமர். அவரிட கதையை மகனுக்கு கட்டாயம் சொல்லுங்க. 1999 மட்டில ஒரு கொம்பனி ஆக்களைக் குறைக்கேக்க இவருக்கும் வேலை போச்சு, கையில இருந்த பங்குக் காசை வச்சு மூண்டு வருசம் வீட்டில இருந்து முழுநேரமா எழுதினார், ஒரு பதிப்பகமும் எடுக்கேல்ல, திரும்ப வேலைக்குப் போனார். பிறகு வேலை செய்துகொண்டே, அவசரமில்லாம, தன்ர வெப்சைட்டில அத்தியாயம் அத்தியாயமா போட்ட கதைதான் 'த மார்சியன்'. 2011ல அதை தானே கிண்டிலில 99 சதத்துக்கு விட்டார், 2014ல பெரிய பதிப்பகம் அச்சில போட்டுது. முழுநேரம் கிடைச்ச மூண்டு வருசத்தில வராதது வேலைக்கு நடுவில வந்திருக்கு. எல்லாருக்கும் அப்பிடி எண்டு நான் சொல்லேல்ல, ஆனா நேரம் கிடைச்சாப் போதும் நாவல் வந்திடும் எண்டு மகன் நினைக்கிறார் பாருங்க, அதுக்கு இது பதில்.

வயசைப் பற்றி நீங்க கவலைப்படவே வேண்டாம். எங்கட எழுத்தாளர் அ. முத்துலிங்கத்தின்ர முதல் சிறுகதைத் தொகுப்பு 1964ல வந்தது, அடுத்தது 1995ல. இடையில முப்பது வருசம் கணக்கியலும் வெளிநாட்டு வேலையுமா போச்சு, அவரிட நல்ல எழுத்தில கனக்க அதுக்குப் பிறகு வந்ததுதான்.

இனி காசு. நீங்க அரசாங்க ரீச்சரா இருந்தபடியால் மாசம் மாசம் பென்சன் வருது, மகனுக்கு அது இல்ல, ஈ.பி.எஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதிதான். சம்பளத்தில அவர் 8 வீதம், கொம்பனி 12 வீதம் கட்டிக்கொண்டு வந்த காசு அது, ஆம்பிளையளுக்கு 55 வயசுக்குத்தான் கைக்கு வரும், இடையில 30 வீதம் எடுக்கலாம் எண்டாலும் அது வீட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும்தான், நாவல் எழுத எண்டு தரமாட்டினம். இப்ப விட்டால் 55க்கு ஒம்பது வருசம் கிடக்கு. ஈ.ரி.எஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக் காசை வேலையை விட்டவுடன எடுக்கலாம், அது சின்னத் தொகை. பணிக்கொடை வருசத்துக்கு அரை மாசச் சம்பளம், இந்தக் கொம்பனியில 12 வருசம் எண்டபடியால் ஆறு மாசச் சம்பளம் வரும். ஆறு மாசம், ரீச்சர். ஒரு நாவலின்ர முதல் வரைவு முடியவே அது காணாது, பிளட் லோனும் ரியூசன் காசும் அதுக்குள்ளயே. கொம்பனி கட்டின மெடிக்கல் இன்சூரன்சும் அண்டையோட நிண்டிடும், அதை ஆரும் யோசிக்கிறேல்ல.

நாவலால காசு வருமோ எண்டால், தமிழில வராது எண்டே வச்சுக்கொள்ளுங்க. இஞ்ச முன்னூறு, ஐந்நூறு பிரதிதான் அடிக்கிறது, கனபேர் சொந்தக் காசு போட்டு. வெளியீட்டு விழா வச்சு, முதற்பிரதி சிறப்புப்பிரதி குடுத்து, என்வலப்பில வாற காசில அச்சகக் கடனைக் கட்டினால் அதுவே பெரிய காரியம். இந்தியாவில பதிப்பகம் எடுத்தால் ராயல்டி பொதுவா பத்து வீத அளவில வரும், அதை வச்சு பிள்ளையளைப் படிப்பிக்கேலாது. நாவல் வீட்டுச் செலவைப் பாக்க வேண்டியதில்லை எண்டு முதலே முடிவெடுத்தவைதான் நிம்மதியா எழுதுகினம். மற்றவைக்கு ஒவ்வொரு பக்கத்திலயும் லோன் தவணை வந்து நிக்கும்.

அப்ப என்ன செய்யலாம்? வேலையில இருந்துகொண்டே ஒரு வருசம். காலமை அஞ்சில இருந்து ஆறரை, போன் மற்ற அறையில. ஒரு நாளைக்கு 300 சொல்லு, அவ்வளவுதான், 200 நாள் எழுதினால் 60,000 சொல்லு, அது ஒரு நாவல். அந்த வரைவு முடிஞ்சாப் பிறகு, அதுவும் ஒரு வருசச் செலவு கையில தனியா இருந்தால், கொம்பனியில கேட்டு கிழமைக்கு மூண்டு நாள் ஒப்பந்த வேலைக்கு மாறலாம். இவரிட அனுபவத்துக்கு அப்பிடி எடுப்பினம், நான் கண்டிருக்கிறன்.

இன்னொரு கதை சொல்லுறன். போன வருசம் ஒருத்தர் வந்தார், இவரைப் போலத்தான், இருவது வருசம் பாங்க் சிஸ்ரங்கள் செய்தவர். லப்ரொப்பைத் திறந்து ஒரு எக்செல் காட்டினார். நாப்பது அத்தியாயம், ஒவ்வொண்டுக்கும் ஒரு வரிசை, பாத்திரங்களுக்கு கலர், எந்த மாசம் எது முடியும் எண்டு திகதி. எழுதினது எத்தினை பக்கம் எண்டு கேட்டன். ஒண்டும் இல்ல. நாலு மாசமா அந்த எக்செல்தான். நான் அதை மூடச் சொல்லிட்டு, சிஸ்ரம் விழுந்த ஒரு இரவைச் சொல்லுங்க எண்டன். சித்திரை வருசத்துக்கு முதல் நாள் இரவு, ஏ.ரி.எம் எல்லாம் நிண்டு போச்சு, சேர்வர் றூமுக்குள்ள குளிரில மேலதிகாரி பனியனோட நிண்டு, வீட்டில பலகாரம் சுடுற மனுசிக்கு போன் எடுத்து இண்டைக்கு வரமாட்டன் எண்டு சொல்லுறார், சொல்லேக்க வாயைக் கையால பொத்திக்கொண்டு சொன்னாராம், பக்கத்தில நிண்ட பெடியளுக்குக் கேக்கக் கூடாதெண்டு. அதை அப்பிடியே எழுதுங்க எண்டு ஒரு கொப்பி குடுத்தன். முக்கால் மணித்தியாலத்தில மூண்டு பக்கம். அந்த வாயைப் பொத்தின கை இருக்கே, அது எக்செலில எந்த வரிசையிலயும் இல்ல.

உங்கட மகனிட்டயும் அப்பிடி இருவது வருசம் கிடக்கு. தமிழில அந்த உலகத்தை உள்ளுக்க இருந்து எழுதினவை கனபேர் இல்ல, அதால வேலையை வீணாப் போன காலமா நினைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்க. பழக்கமும் உதவும். தான் எழுதின புரோகிராம் கோட்டை இன்னொருத்தர் பிழை பிடிச்சுத் திருத்தினால் கோவிக்காம வாங்கிப் பழகின ஆள், எழுத்துக்காரருக்கு அது லேசில வாறேல்ல. ஆனா கோட் பிழை எண்டால் மெசின் காட்டித் தரும், கதை பிழை எண்டால் ஒண்டும் காட்டாது, வாசிக்கிற ஆள்தான் சொல்ல வேணும். அப்பிடி ரெண்டு மூண்டு பேரை இப்பவே தேடி வைக்கட்டும், கூட்டாளிமார் வேண்டாம்.

எனக்கு உண்மையில இருக்கிற பயம் அவரிட தமிழ். ஏ.எல்லோட தமிழில எழுதுறது நிண்டு போச்சு, இருவத்தஞ்சு வருசமா ஈமெயில் இங்கிலீசில. இது உங்கட பகுதி ரீச்சர். மூதூரில பள்ளிக்கூட வாத்தியாரா இருந்த வ.அ. இராசரத்தினம் எங்கட கொட்டியாரக் கரைப் பேச்சை எப்பிடி எழுதி வச்சிருக்கிறார் எண்டு மகனோட இருந்து வாசியுங்க. பிறகு நீங்களே கதையுங்க. கிண்ணியாப் பாலம் 2009ல வர முதல் பாதை எண்ட மிதவைப் படகில ஏறி கடந்து படிப்பிக்கப் போன காலம், சுனாமி அண்டு பள்ளிக்கூடத்தில சனத்தை இருத்தி வச்ச ரெண்டு கிழமை, உங்கட வாயால வாற சொல்லை அவர் போனில பதிஞ்சு வைக்கட்டும். ரைப் பண்ணுறது யுனிகோட்டிலயே செய்யட்டும், அச்சகத்தில பாமினி எண்ட பழைய எழுத்துருவில கேட்டால் பிறகு மாத்தலாம், மாத்தினால் எழுத்து உடையும், கட்டாயம் புரூப் பாக்க வேணும். ஐ.எஸ்.பி.என் இலக்கத்தை கொழும்பில தேசிய நூலகத்தில எடுக்கலாம், அதெல்லாம் கடைசி வேலை.

சொந்தக்காரர் கேட்டால் என்ன சொல்லுறது எண்டு கேட்டீங்க. அவர் வேலையில இருக்கிறார், காலமையில எழுதுறார் எண்டு சொல்லுங்க, வேற விளக்கம் தேவையில்ல.

லீவுக்கு அவர் ஊருக்கு வரேக்க என்னட்டக் கூட்டிக்கொண்டு வாங்க. லோன் மிச்சம் எவ்வளவு எண்டு பாங்க் குடுத்த கடிதத்தையும், அதுக்கிடையில எழுதின பத்துப் பக்கத்தையும் கொண்டு வரச் சொல்லுங்க. சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு நான் வீட்டிலதான்.