டி.வி.யில் பார்த்தால் போதாதா?

கேள்வி: என் தங்கை வேலூரில் பி.ஏ. அரசியல் அறிவியல் முடித்திருக்கிறாள். அமெரிக்கா போய் அந்த நாட்டு அரசியலையே மேல்படிப்பாகப் படிக்க ஆசைப்படுகிறாள். டிரம்ப் செய்தியை டி.வி.யில் பார்த்தால் போதாதா, அதற்கு ஒரு படிப்பா என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: தம்பி, 2019 உங்களுக்கு மறந்திருக்காது. கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டு, ஓட்டுப் போட இரண்டு நாள் இருக்கும்போது வேலூருக்கு மட்டும் தேர்தலை ரத்து செய்தார்கள், நீங்களெல்லாம் ஆகஸ்ட் 5-ல்தான் ஓட்டுப் போட்டீர்கள். தேர்தல் கமிஷன் பரிந்துரைத்தது, ஜனாதிபதி உத்தரவு போட்டார். அமெரிக்காவில் இப்படி நடக்க வழியில்லை, ஏனென்றால் நாடு முழுக்கத் தேர்தல் நடத்துகிற கமிஷனே அங்கே கிடையாது. ஃபெடரல் எலெக்ஷன் கமிஷன் என்று ஒன்று உண்டு, ஆனால் அது பார்ப்பது பிரச்சாரப் பணத்தின் கணக்கை. ஓட்டுப்பதிவை நடத்துவது மாகாணங்களும் அவற்றுக்குக் கீழே, நம் மாவட்டம் மாதிரி உள்ள கவுண்டிகளும். தொகுதி எல்லையைக்கூடப் பல மாகாணங்களில் ஜெயித்து உட்கார்ந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர்களே வரைகிறார்கள்! ஏன் அப்படி வைத்தார்கள், கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் எத்தனை சீட் கைமாறும், 2016 அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டன், டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு வாங்கியும் எப்படித் தோற்றார், இதையெல்லாம் ஆதாரத்தோடு ஆராய்வதுதான் அந்தப் படிப்பு. டி.வி. அன்றைக்கு யார் என்ன பேசினார் என்பதோடு நின்றுவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1948-ல் தொடங்கி, ஒவ்வொரு அதிபர் தேர்தலின்போதும் வாக்காளர்களிடம் யாருக்குப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்து வருகிறார்கள். அந்தத் தரவு முழுக்க இணையத்தில் இலவசம், காட்பாடியில் உட்கார்ந்துகொண்டே எடுத்துப் பார்க்கலாம்.

அப்புறம் செலவு. எம்.ஏ. என்றால் பெரும்பாலும் கைக்காசுதான், வீட்டை அடமானம் வைத்துப் போக வேண்டாம். பிஎச்.டி.க்கு நல்ல பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணமும் தள்ளுபடி, பாடம் நடத்த உதவினால் மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. அதற்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம், எம்.ஏ. கட்டாயம் என்று கேட்காத இடங்கள் நிறைய. ஆனால் புள்ளியியல் தெரியாமல் அங்கே முதல் வருடத்தைத் தாண்டுவது ரொம்பக் கஷ்டம், நம் பி.ஏ.வில் அது போதுமான அளவு சொல்லித் தருவதில்லை என்பது என் வருத்தம். 'ஆர்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மிச்சிகன் தரவில் ஒரே ஒரு தேர்தலை எடுத்து, இந்த விடுமுறையிலேயே அதில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.