போர்ச்சுகீசிய ‘ஜா’: கேள்வி பதில்

கே: ‘ஜா’ என்றால் ‘ஏற்கனவே’ தானே? பிறகு ஏன் ‘ஜா வோ’ என்றால் ‘இதோ வர்றேன்’ என்கிறார்கள்?

ப: ‘ஏற்கனவே’ பாதிக் கதைதான். கூட வரும் வினையைப் பாருங்கள். நடந்து முடிந்ததோடு வந்தால் நம்முடைய ‘ஆச்சு’. ‘ஜா குமேஷ்தெ?’ என்றால் சாப்பிட்டாச்சா? பதிலுக்கும் ‘ஜா’ ஒன்றே போதும். சாப்பிடவில்லை என்றால் ‘அயிந்த நாவ்’, இன்னும் இல்லை. நிகழ்கால வினையோடு வந்தால் பெரும்பாலும் ‘இதோ’. போர்ச்சுகலில் கடைக் கதவில் ‘வோல்த்து ஜா’ என்று அட்டை தொங்கும்: இதோ வந்துடறேன். கடைக்காரர் எப்போது கிளம்பினார் என்று மட்டும் அதில் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலப் பாடநூல்கள் இந்த ஒலிக்கு இசட்-எச் போடும். அதை ‘ழ’ என்று படித்துவிடாதீர்கள். நம் ‘ஜ’வைக் கொஞ்சம் உரசலாகச் சொன்னால் சரி.

கே: ‘அத்தே ஜா’, ‘அத்தே லோகு’ என்ன வித்தியாசம்?

ப: இரண்டும் விடைபெறும்போது சொல்வது. முன்னது கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்க்கப்போகிறவரிடம். பின்னதற்கு அந்த அவசரம் இல்லை.

கே: ‘ஜன்னல்’ போர்ச்சுகீசியமா?

ப: ஆமாம், ‘ஜனெலா’. இன்று அதற்கு நேரமில்லை.

கே: என் அகராதியில் ‘ஏற்கனவே’ என்றுதான் இருக்கிறது.

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: ‘இப்போது இங்கே குடியில்லை’ என்பதற்கு ‘ஜா நாவ் மோரு அகீ’ என்று பாடத்தில் இருக்கிறது. சாவோ பாவுலோவில் என் நண்பர்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பாடம் தப்பு.

ப: தப்பில்லை, அது போர்ச்சுகல் பேச்சு. பிரேசிலில் ‘நாவ் மோரு மாய்ஸ் அகீ’ என்பார்கள். அங்கேயும் எழுத்தில் ‘ஜா நாவ்’ வரும்.

கே: சரி, ‘திரேத்தாஸ் ஜா’ என்ற பிரேசில் கோஷம் ‘ஏற்கனவே நேரடித் தேர்தல்’ ஆகிவிடாதா?

ப: இது கேள்வி! அங்கே ‘ஜா’ ஒரு கட்டளை: நேரடித் தேர்தல், உடனே! ராணுவ ஆட்சியில் குடியரசுத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அதை மாற்றச் சொல்லி 1984 ஜனவரியில் சாவோ பாவுலோவின் சே சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூடியது. ஏப்ரல் 25 அன்று அரசியலமைப்புத் திருத்தம் கீழவைக்கு வந்தது. 320 வாக்கு வேண்டும், கிடைத்தது 298. ‘உடனே’ கேட்டவர்கள் 1989 வரை காத்திருந்தார்கள்.

கே: அப்படியானால் ‘ஏற்கனவே’ என்ற பொருளே கிடையாதா?

ப: முதல் பதில், ஐயா.