ஏபிள்டன்ல செட் போடும்போது பாதியில பீட் விலகுதா? வார்ப்பை முதல்ல பாருங்க

கேள்வி: ஏபிள்டன் லைவ்ங்கிற மியூசிக் சாஃப்ட்வேர்ல டிஜே செட் போடுறேன். வீட்ல ப்ராக்டிஸ் பண்ணும்போது சரியா இருக்கு, ஆனா ஆளுங்க முன்னாடி போடும்போது ஒரு பாட்டுல இருந்து இன்னொண்ணுக்கு மாறுற இடத்துல கிக் (டிரம்ஸோட டப்புங்குற அடி) ரெட்டையா கேக்குது. சில பாட்டுல குரல் கொழகொழன்னு ஆயிடுது, லேப்டாப் வேற நடுவுல கரகரங்குது. நல்ல கண்ட்ரோலர் வாங்கினா சரியாகுமா?

பதில்: கண்ட்ரோலர் இப்போ வாங்காதீங்க, நீங்க சொன்ன மூணு பிரச்சனையும் அதனால வர்றது இல்ல.

ஏபிள்டன் ஒரு பாட்டை இழுத்துப் போட்டதும் தானாவே அதோட பிபிஎம்மைக் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்) கண்டுபிடிச்சு வார்ப் பண்ணிடும், அதாவது பாட்டோட பீட்டை செட்டோட வேகத்துக்கும் கிரிட்டுக்கும் (திரையில இருக்கிற பீட் கோடுகள்) பொருத்திடும், பெரும்பாலும் கிட்டத்தட்ட சரியா இருக்கும், அந்த "கிட்டத்தட்ட" தான் உங்களை மாட்டிவிடுது. நிஜமா 128 பிபிஎம்ல இருக்கிற பாட்டை அது 127.95னு எடுத்துக்கிச்சுன்னு வைங்க. நிமிஷத்துக்கு 0.05 பீட் விலகும், 5 நிமிஷத்துல கால் பீட். 128ல ஒரு பீட்டுக்கு 469 மில்லிசெகண்ட், அப்போ கால் பீட்னா சுமார் 117 மில்லிசெகண்ட், ரெண்டு கிக்கும் தனித்தனியா டப்டப்புன்னு கேக்க அது தாராளம். பாட்டோட ஆரம்பத்துல இது ஒண்ணுமே தெரியாது, ஆனா நீங்க அடுத்த பாட்டை உள்ள கொண்டு வர்றது எப்பவுமே முதல் பாட்டு முடியுற பக்கம் தானே, விலகல் அதிகமா சேர்ந்திருக்கிற இடமும் அதேதான். வீட்ல பாட்டைப் பாதியில தாவி தாவி மாத்திப் பார்த்திருப்பீங்க, அதான் இது அப்போ கண்ல படல.

அதனால ஒவ்வொரு பாட்டையும் கையால சரி பண்ணுங்க. கிளிப்பைத் திறந்து முதல் கிக்கோட அலை எழும்புற நுனி வரைக்கும் ஜூம் பண்ணி, அங்க ரைட் கிளிக் பண்ணி 1.1.1 (முதல் பாரோட முதல் பீட், ஒரு பார்னா 4 பீட்) அங்கதான்னு செட் பண்ணுங்க, அப்புறம் அங்கிருந்து ஸ்ட்ரெய்ட்டா வார்ப் பண்ணச் சொல்லுங்க. இப்போ நேரா பாட்டோட கடைசிக்குப் போய் அங்க இருக்கிற கிக் கிரிட் கோட்டு மேல உக்காந்திருக்கான்னு பாருங்க, மெட்ரோனோமையும் போட்டுக் கேளுங்க. தள்ளி இருந்தா நடுவுல மார்க்கர் (பீட்டைக் கிரிட் கோட்டோட கட்டுற புள்ளி) குத்தாம பிபிஎம் கட்டத்துல எண்ணைத் திருத்துங்க, கம்ப்யூட்டர்ல செஞ்ச டான்ஸ் டிராக் பெரும்பாலும் முழு எண்ல தான் இருக்கும், 127.95ஐ 128ஆ மாத்தினாலே கடைசி வரைக்கும் நேராயிடும். மனுஷன் டிரம்ஸ் வாசிச்ச பழைய ரெக்கார்டிங்னா வேற கதை, வேகம் ஏறி இறங்கும், அதுக்கு மட்டும் 8 பாருக்கு ஒரு மார்க்கர் வச்சு பொறுமையா கட்டணும். முடிச்சதும் கிளிப்லயே இருக்கிற சேவ் பட்டனை அழுத்துங்க, அப்போதான் அந்தப் பாட்டை அடுத்து எந்த செட்ல போட்டாலும் இந்த வார்ப் கூடவே வரும். நிறைய பேர் இதை விட்டுட்டு மறுபடி முதல்ல இருந்து உழைக்கிறாங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கும்.

குரல் கொழகொழங்குறது வார்ப் மோட் (பாட்டை எந்த முறையில இழுக்கணும்ங்கிற செட்டிங்) விஷயம். பீட்ஸ் மோட் டிரம்ஸுக்கு நல்லது, முழுப் பாட்டுக்கு காம்ப்ளெக்ஸ் இல்ல காம்ப்ளெக்ஸ் ப்ரோ போடுங்க. ஆனா எனக்குப் பிடிச்சது ரீ-பிட்ச், வேகம் மாறும்போது சுருதியும் கூடவே மாறும், வினைல் பிளேயர்ல நடக்கிறது மாதிரி, அதனால சத்தம் கெடவே கெடாது. 124ல இருக்கிற பாட்டை 128க்கு கொண்டு போனா சுருதி அரை செமிடோனுக்குக் கொஞ்சம் மேல ஏறும், அவ்வளவுதான். வேகத்தை ரொம்ப மாத்துறீங்கன்னா மட்டும் காம்ப்ளெக்ஸுக்குப் போங்க.

கரகரப்புக்கும் இதுல பங்கு இருக்கு, காம்ப்ளெக்ஸ் ப்ரோ சிபியூவை நல்லா தின்னும். அதைக் குறைச்சிட்டு ஆடியோ செட்டிங்ஸ்ல பஃபரை (சத்தத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்கிற அளவு) 512 சாம்பிள்னு வைங்க, 44.1 கிலோஹெர்ட்ஸ்ல அது வெறும் 11.6 மில்லிசெகண்ட், பாட்டு மிக்ஸ் பண்றதுக்கு அந்தத் தாமதம் உறுத்தாது. வைஃபையை ஆஃப் பண்ணுங்க, சார்ஜரைக் கழட்டாதீங்க.

பீட் நேரானதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஃப்ரேஸ், அதாவது பாட்டு பகுதி பகுதியா மாறுற கணக்கு. லாஞ்ச் குவான்டைசேஷனை (நீங்க அழுத்தின பாட்டு எந்தக் கோட்டுல தொடங்கணும்ங்கிற செட்டிங்) 1 பார்லயே விட்டுட்டு எப்போ அழுத்தணும்னு காதால எண்ணுங்க. 8 பார்னு வச்சா ஏபிள்டன் பிளே அழுத்துன நேரத்துல இருந்து எண்ணும், பாட்டுல நடுவுல ரெண்டு பார் கூடுதலா வந்துச்சுன்னா அந்தக் கணக்கு பாட்டோட ஒட்டாது. 128ல 8 பார்னா சரியா 15 செகண்ட், கொஞ்ச நாள்ல உடம்புக்கே தெரிஞ்சிடும். ரெண்டாவது, பேஸ். ஒவ்வொரு டிராக்லயும் ஈக்யூ த்ரீ போட்டு அதுல இருக்கிற லோ கில்லை (பேஸை மட்டும் அணைக்கிற சுவிட்ச்) கண்ட்ரோலர்ல ஒரு பட்டனுக்கு மேப் பண்ணுங்க, புதுப் பாட்டை பேஸ் இல்லாம உள்ள விட்டு, புது ஃப்ரேஸ் தொடங்குற அந்த ஒரு பீட்ல பழையதோட பேஸை வெட்டி புதுசோடதைத் திறங்க. ரெண்டு பேஸும் ஒண்ணா ஓடினா பீட் எவ்வளவு நேரா இருந்தாலும் சேறு மாதிரி தான் கேக்கும்.

காசு செலவு பண்ணியே ஆகணும்னா 4 அவுட்புட் இருக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்க. மாஸ்டரை (வெளிய கேக்குறது) 1/2லயும் க்யூவை (ஹெட்ஃபோனுக்குப் போறது) 3/4லயும் விட்டா அடுத்த பாட்டை ஹெட்ஃபோன்ல கேட்டுட்டு அப்புறம் வெளிய விடலாம், இப்போ நீங்க கேக்காமலேயே விடுறீங்கன்னு நினைக்கிறேன். டெம்போவை ஒரு நாப்ல மேப் பண்றதா இருந்தா மினிமம் மேக்ஸிமத்தை 122ல இருந்து 130ன்னு கட்டிப்போடுங்க, டேக்ஓவர் மோடை பிக்-அப்ல வைங்க (நாப் இப்போ ஓடுற டெம்போவைத் தொட்டதுக்கு அப்புறம்தான் வேலை செய்யும்), இல்லன்னா தெரியாம கை பட்டா மொத்த செட்டும் ஒரே தாவா தாவிடும்.

அடுத்த ஷோவுக்கு முன்னாடி வீட்ல ஒரு முழு மணி நேரம் நிறுத்தாம வாசிங்க, ரெக்கார்ட் பட்டன் ஆன்லயே இருக்கட்டும், நீங்க செஞ்சது எல்லாம் அரேஞ்ச்மென்ட்ல (ஏபிள்டனோட டைம்லைன்) பதிவாயிடும். மாறுற இடங்களை மட்டும் ஜூம் பண்ணிப் பாருங்க, எந்தப் பாட்டு கிரிட்டை விட்டு நகருதோ அதை மட்டும் திரும்ப வார்ப் பண்ணுங்க.