வாசகர் கேள்விகள்: செனட்டை நிறுத்தி வைத்த ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூறு பேர் கொண்ட மேலவையான செனட்டில் 1973 முதல் 2003 வரை வட கரோலினா மாநிலத்தின் குரலாக இருந்த ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் பற்றி இந்த முறை கேள்விகள் வந்திருக்கின்றன. எதற்கெடுத்தாலும் எதிர்ப்பு என்பதால் ‘செனட்டர் நோ’ என்றே பெயர் வாங்கியவர்.

கே: இவ்வளவு எதிர்ப்பைச் சம்பாதித்தவர் எப்படி ஐந்து தேர்தல்களில் ஜெயித்தார்? (வாசகர், திண்டுக்கல்)

ப: ஐந்திலும் ஜெயித்தார், ஆனால் ஒன்றில்கூட 55 சதவீதத்தைத் தொடவில்லை. மாநிலத்தில் பாதிப் பேர் தன்னை வெறுத்தாலும் பரவாயில்லை, மறுபாதி கட்டாயம் வாக்குச்சாவடிக்கு வந்துவிட வேண்டும் என்பதே அவர் கணக்கு.

அடித்தளம் தேர்தலுக்கு முன்பே போடப்பட்டது. 1960 முதல் 1972 வரை ராலே நகரத்துத் தொலைக்காட்சி ஒன்றில் அவர் வாசித்த தலையங்கங்கள் சுமார் 2,700. கறுப்பினத்தவரின் சிவில் உரிமைப் போராட்டத்தை அவற்றில் விடாமல் தாக்கினார். 1970இல் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறி, 1972இல் நின்றபோது மக்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அடுத்தது பணம். 1972 தேர்தல் கடனை அடைக்கத் தொடங்கிய காங்கிரஷனல் கிளப் என்ற அமைப்பு, அஞ்சல் வழியே நிதி திரட்டும் பெரிய இயந்திரமாக வளர்ந்தது. ஓர் ஆபத்தைச் சொல்லி ஒரு கடிதம், அதில் சின்னத் தொகைக்கு ஒரு வேண்டுகோள். பணம் அனுப்பியவர் பெயர் பட்டியலில் ஏறும், அவருக்கு அடுத்தடுத்துக் கடிதங்கள் போகும். அச்சுக்கூலியும் தபால் செலவும் வசூலில் பெரும்பங்கை விழுங்கிவிடும் என்பது இந்த முறையின் குறை. பட்டியல் சூடு ஆறாமல் இருக்க, கடிதத்துக்குப் புதுப்புது விஷயமும் வேண்டும். செனட்டில் அவர் தோற்ற வாக்கெடுப்புகள் அந்த விஷயத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தன. 1976இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வட கரோலினாவில் நடந்த உட்கட்சித் தேர்தலில் இந்த அணிதான் அப்போதைய அதிபர் ஜெரால்டு ஃபோர்டை வீழ்த்தி, தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ரொனால்டு ரேகனைக் காப்பாற்றியது. ரேகனின் அரசியல் வாழ்வை இதை விட்டுவிட்டு எழுத முடியாது.

கே: நூறு பேரில் ஒருவர் எப்படி அவையையே முடக்க முடியும்? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: செனட்டின் அன்றாட வேலை ‘யாருக்கும் ஆட்சேபம் இல்லை’ என்ற ஒருமனதான ஒப்புதலில்தான் ஓடுகிறது. அந்த ஒப்புதலைத் தர மாட்டேன் என்று ஓர் உறுப்பினர் தன் கட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதற்கு ‘ஹோல்டு’ என்று பெயர். நிலையான விதிகளில் இந்தச் சொல்லே கிடையாது. வெறும் வழக்கம்தான்.

தலைவர் அதை மீறலாம். ஆனால் விலை பாருங்கள். விவாதத்தை முடிக்கக் கோரும் மனுவில் முதலில் 16 செனட்டர்கள் கையெழுத்திட வேண்டும். நடுவில் ஒரு நாள் போக வேண்டும். பிறகு வாக்கெடுப்பில் 60 பேர் ஆதரிக்க வேண்டும். அதற்குப் பின்னும் 30 மணி நேரம் வரை பேசலாம். மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்பதற்கே இப்படி ஒரு சுற்று, மசோதாவுக்கு இன்னொரு சுற்று. சாதாரண மசோதா ஒன்றுக்காக அவையின் ஒரு வாரத்தை, சில சமயம் அதற்கும் மேலே, எந்தத் தலைவர் செலவழிப்பார்? ஆட்சேபித்தவரோடு பேரம் பேசுவார். ஹெல்ம்ஸ் வாழ்ந்தது அந்தப் பேரத்தில்தான். இந்த விதிகளை அலபாமா செனட்டர் ஜேம்ஸ் ஆலனிடம் பாடம் கேட்பதுபோலக் கற்றார்.

இரண்டாவது கருவி, திருத்தம். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்குத் தொடர்பே இல்லாத திருத்தத்தையும் கொண்டுவரலாம். பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்க 11 பேர் ஆதரவு போதும். எதிர்த்து வாக்களித்தால் அடுத்த தேர்தலில் விளம்பரமாக வரும் என்று அஞ்சும்படி வாசகத்தை அமைப்பார். 1987 அக்டோபரில், ஓரினச் சேர்க்கையை ‘ஊக்குவிக்கும்’ எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசுரங்களுக்கு அரசுப் பணம் கூடாது என்றார். 94க்கு 2 என்று நிறைவேறியது. நோய் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், யாருக்குத் தகவல் மிக அவசரமாகத் தேவையோ அவர்களுக்கான கைப்பிரதியின் வாயை அடைத்த திருத்தம் அது. மனம் ஒப்பாமல் கைதூக்கியவர்களுக்கும் அந்தப் பழியில் பங்கு உண்டு.

கே: சொந்தக் கட்சிக்காரரையே தடுத்தாராமே? (வாசகர், வேலூர்)

ப: ஆம். 1997இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் வில்லியம் வெல்டை மெக்சிகோவுக்குத் தூதராக அதிபர் கிளின்டன் நியமித்தார். வெல்டும் குடியரசுக் கட்சிக்காரர்தான். மருத்துவத்துக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாம் என்றவர் போதைப்பொருள் பிரச்சினை உள்ள நாட்டுக்குத் தூதராகக் கூடாது என்பது ஹெல்ம்ஸின் வாதம். தூதர் நியமனத்துக்குச் செனட்டின் ஒப்புதல் வேண்டும், அதை முதலில் விசாரிக்கும் வெளியுறவுக் குழுவுக்கு அப்போது ஹெல்ம்ஸ்தான் தலைவர். விசாரணைக்கு நாள் குறிப்பது தலைவர் கையில் இருந்தது. அவர் குறிக்கவில்லை, அவ்வளவுதான்.

வெல்ட் ஆளுநர் பதவியை உதறிவிட்டு வாஷிங்டனில் பகிரங்கமாகச் சண்டை பிடித்தார். குழு உறுப்பினர்கள் விதியைப் பயன்படுத்தித் தலைவரைக் கூட்டம் கூட்டவைத்தார்கள். இங்கேதான் அவர்கள் சறுக்கினார்கள். கூட்டத்தைக் கூட்டவைக்க முடிந்தது, நாற்காலியிலிருந்து அவரை நகர்த்த முடியவில்லை. செப்டம்பர் 12 அன்று ஹெல்ம்ஸே தலைமை ஏற்றார், தன் தரப்பைப் பேசினார், நியமனத்தை எடுக்காமலேயே முடித்துவிட்டார். மூன்று நாளில் வெல்ட் விலகினார்.

கே: இனவெறியர் என்று அவரைச் சொல்வது நியாயமா? (வாசகர், நாகர்கோவில்)

ப: பதிவுகளைப் பாருங்கள். 1983இல் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் மசோதாவை எதிர்த்துப் பேசியே இழுத்தடித்தார். கிங் கம்யூனிஸ்டுகளுக்கு நெருக்கமானவர் என்று குற்றம் சாட்டி ஒரு கத்தை ஆவணங்களை அவையில் வைத்தார். நியூயார்க் செனட்டர் மொய்னிஹன் அதைத் தரையில் வீசி எறிந்தார். நீதிமன்ற உத்தரவால் 2027 வரை முத்திரையிடப்பட்ட, கிங்கை உளவு பார்த்த ஒலிப்பதிவுகளைத் திறக்கக் கேட்டுப்போன முயற்சியும் தோற்றது. மசோதா 78க்கு 22 என்று நிறைவேறியது.

1990 தேர்தலில் எதிரே நின்றவர் சார்லட் நகரின் முன்னாள் மேயர், கறுப்பினத்தவரான ஹார்வி கான்ட். கடைசி நாட்களில் ஹெல்ம்ஸ் தரப்பு விட்ட விளம்பரத்தில் ஒரு வெள்ளையரின் கைகள் வேலை மறுப்புக் கடிதத்தைக் கசக்கும். தகுதி உனக்கு இருந்தும் வேலை சிறுபான்மையினருக்குப் போய்விட்டது என்று பின்னணிக் குரல் சொல்லும். அதே தேர்தலில், பெரும்பாலும் கறுப்பின வாக்காளர்களுக்கு, வாக்களிப்பதற்கான முகவரி விதியைத் திரித்துச் சிறைத் தண்டனையைச் சொல்லி மிரட்டும் 1,25,000 அஞ்சலட்டைகள் போயின. நீதித் துறை வழக்குப் போட்டது. 1992இல் மாநிலக் கட்சியும் ஹெல்ம்ஸ் பிரசாரக் குழுவும் சமரச ஆணையில் கையெழுத்திட்டன. தொகுதி மக்களின் மனுக்களுக்கு அவர் அலுவலகம் சுறுசுறுப்பாக உதவியது என்பதும் உண்மை. அதைச் சொல்லி இதை மூட முடியாது.

கே: அவர் கொண்டுவந்த சட்டம் ஏதாவது இன்னும் நடைமுறையில் உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: வெளிநாட்டு உதவிப் பணத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகச் செய்யும் கருக்கலைப்புக்குத் தரக் கூடாது என்ற 1973 திருத்தம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

கியூபா மீதான 1996 ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம் அதைவிடப் பெரிது. கியூபா இரண்டு சிறு விமானங்களைச் சுட்டு வீழ்த்திய சில வாரங்களில் கிளின்டன் கையெழுத்திட்டார். அதுவரை அதிபர் உத்தரவால் நடந்த வர்த்தகத் தடை, சட்டமாக இறுகியது. அதனால்தான் 2015இல் ஒபாமா தூதரக உறவைப் புதுப்பித்தும் தடையை நீக்க முடியவில்லை. சட்டத்தின் மூன்றாம் பகுதி, கியூபா பறித்த சொத்தை வைத்துத் தொழில் நடத்துவோர் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட வழிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை நிறுத்திவைக்கும் அதிகாரம் அதிபருக்கு உண்டு. அடுத்தடுத்த அதிபர்கள் தவறாமல் நிறுத்தினார்கள். 2019 மே மாதம் டிரம்ப் நிறுத்தவில்லை. ஹெல்ம்ஸ் இறந்து பத்தாண்டுக்கு மேலான பிறகு வழக்குகள் கிளம்பின.

கே: கடைசிக் காலத்தில் மனம் மாறினார் என்கிறார்களே? (வாசகர், சென்னை)

ப: எய்ட்ஸ் விஷயத்தில் மட்டும், அதுவும் பாதி. யூ2 இசைக்குழுவின் போனோ 2000இல் அவரைச் சந்தித்து ஆப்பிரிக்கக் குழந்தைகளைப் பற்றிப் பேசியபோது கண்கலங்கினார். 2002இல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றுவதைத் தடுக்க 50 கோடி டாலர் ஒதுக்கக் கோரினார், முன்பே செய்யாததற்கு வருந்தினார். அவர் வருந்தியது உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் எச்ஐவி உள்ள வெளிநாட்டினர் அமெரிக்காவுக்குள் நுழையக் கூடாது என்று 1987இல் அவர் திருத்தம் வழியே வந்த தடை அப்படியே நின்றது. அதன் காரணமாக 1992 சர்வதேச எய்ட்ஸ் மாநாடு பாஸ்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு இடம் மாறியது. தடை 2010 ஜனவரியில் நீங்கியது. மாநாடு மறுபடி அமெரிக்க மண்ணில் கூடியபோது ஆண்டு 2012.