ஆண் மூளையும் பெண் மூளையும் வேறு என்பதால்தான் பெண்களுக்கு மனச்சோர்வு அதிகமா?

நான் மருத்துவன் அல்லன். தண்டையார்பேட்டையில் இருபது ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநன்.

மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுவது உண்மை. ஆனால் அந்த இடைவெளி பிறவியிலேயே தென்படுவதில்லை. பூப்பெய்தும் பருவத்தை ஒட்டி, 12, 13 வயதில்தான் விரியத் தொடங்குகிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும், மாதவிடாய் நிற்கும் காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்குவது, மனநிலையோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருளான செரட்டோனினின் வேலையையும் தொடுவதால், உடலுக்கு இதில் பங்கே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

மூளையின் வடிவத்தைப் பற்றி மட்டும் அவ்வளவு உறுதியாகப் பேச எனக்குத் துணிவில்லை. ஆண்களின் மூளை சராசரியாகப் பத்து விழுக்காடு பெரியது என்பார்கள். அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி உடலின் அளவோடு வருவது. 2015இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டாஃப்னா ஜோயல் குழுவினர் 1,400க்கும் மேற்பட்ட மூளைகளின் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்தபோது, பெண்களிடம் மிகுதியான கூறுகளும் ஆண்களிடம் மிகுதியான கூறுகளும் ஒரே மூளையில் கலந்திருக்கக் கண்டனர். எல்லாக் கூறுகளையும் சேர்த்துக் கொடுத்தால் கணினி பாலினத்தைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும் என்று மறுத்தவர்களும் உண்டு. சொல்லட்டும், யாருக்கு மனச்சோர்வு வரும் என்பது அதிலிருந்து தெரியப்போவதில்லை.

என் ஐயம் கணக்கெடுப்பின் மீதுதான். 2022இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். சோர்வு பெண்களுக்கே அதிகம் என்றால், இத்தனை ஆண்கள் எந்தக் கணக்கில் விடுபட்டார்கள்?

கடையில் பெண்கள் தூக்கமில்லை, தலைவலி, அழுகையாக வருகிறது என்று சொல்லியே கேட்பார்கள். ஆண்கள் கேஸ் மாத்திரை கேட்பார்கள். காசிமேட்டில் விசைப்படகில் போகும் ஒருவர் அப்படித்தான் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தார். அவர் மனைவி மனநலப் புறநோயாளிப் பிரிவில் மருந்து வாங்குபவர். இவருடைய நிலைக்கோ வீட்டார் வைத்த பெயர் குடி. ஒரு நாள் இரவு, காலி மாத்திரை அட்டையை நான்காக மடித்துக்கொண்டே, "கடலுக்குப் போயி மூணு மாசம் ஆச்சுண்ணா, படகப் பார்த்தாலே வெறுப்பா கீது" என்றார். அரசின் இலவச மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை மருந்து உறையில் எழுதிக் கொடுத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, மனைவிக்குக் கேட்பதுபோல் பேசலாமா என்று கேட்டார்.