விழப்போகும் செயற்கைக்கோளைத் தோட்டத்திலிருந்து கவனிக்க முடியுமா?

விழும் தறுவாயில் உள்ள செயற்கைக்கோளைச் சாதாரண மனிதர் கவனிக்க முடியுமா, அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில், 7×50 பைனாகுலரையும் நிறுத்துக் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு நான் பல ஆண்டுகளாகச் செய்து வருவது இதுதான். எரிந்து விழும் காட்சிக்காகக் காத்திருக்க வேண்டாம். கணித்த நேரத்துக்கு எத்தனை வினாடி முந்தி அது வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

உராய்வு வேகத்தைக் குறைக்கும் என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். ஆனால் காற்று உராய உராயச் சுற்றுப்பாதை தாழ்கிறது. தாழ்ந்த பாதையில் செயற்கைக்கோள் முன்னைவிட விரைவாக ஓடுகிறது. 400 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு 92 நிமிடங்களுக்கு மேல் பிடிக்கும், 200 கி.மீ. உயரத்தில் 88 நிமிடங்களுக்குச் சற்று மேல்தான். ஆகவே, பழைய பாதைத் தரவை (அது எப்போது எங்கே இருக்கும் என்று கணிக்க உதவும் எண்களை) வைத்துக் கணித்த நேரத்துக்கு முன்பே அது வந்துவிடும். சாவு நெருங்க நெருங்க இந்த முந்தல் நாளுக்கு நாள் கூடும்.

ஒரு மார்ச் மாதத் தொடக்கத்தில், பழைய ராக்கெட் பகுதி ஒன்று ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடைவாரை (நடுவில் வரிசையாக உள்ள மூன்று விண்மீன்களை) இரவு 8:02க்குக் கடக்க வேண்டும் என்று இரண்டு நாள் பழைய தரவு சொன்னது. அது 47 வினாடிகள் முன்னதாகவே வந்தது. உருண்டுகொண்டே வந்ததால் நான்கு வினாடிக்கொரு முறை மங்கி மறுபடி ஒளிர்ந்தது. தலைக்கு மேலே 200 கி.மீ. உயரத்தில் வருவது ஒரு வினாடியில் முழுநிலவின் அகலத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் கடந்துவிடும். அதைத் துரத்திப் பயனில்லை. பைனாகுலரை ஒரு விண்மீனில் நிறுத்திவிட்டு, அது அங்கு வந்து சேரும் கணத்தில் கடிகாரத்தை அழுத்துவதே நல்ல வழி.

நம் நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், 200 கி.மீ. உயரத்தில் தலைக்கு மேலே செல்லும் பொருள் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குள் பூமியின் நிழலுக்குள் போய், சூரிய ஒளி படாமல் மறைந்துவிடும். வானம் போதிய அளவு இருட்ட முதல் இருபத்தைந்து நிமிடங்கள் கழிந்துவிடுவதால், நமக்குக் கிடைப்பது அரை மணி நேரம்தான். விடியற்காலையிலும் அதே அளவுதான். வளர்ந்த செம்பனைக்கு நடுவே அடிவானம் தெரியாது. மறுநடவு செய்த தீம்பார்தான் (இளங்கன்றுகள் நிற்கும் தோட்டப் பகுதி) எனக்கு வானத்தைத் திறந்து கொடுத்தது. மாலை மழை வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

எரிந்து விழுவதைக் காண்பது பெரும்பாலும் தற்செயல். விநாடிக்கு 7.8 கி.மீ. ஓடும் பொருளுக்கு, கணிப்பில் அரை மணி நேரம் பிசகினால் விழும் இடம் ஏறக்குறைய 14,000 கி.மீ. தள்ளிப்போகும். 2022 ஜூலை 31 அன்று நள்ளிரவு தாண்டி, சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் மையப்பகுதி சரவாக் வானில் சிதறிக்கொண்டே சென்றதைக் கூச்சிங் மக்கள் படம் பிடித்தார்கள். விண்கல் மழை என்றே பலர் எண்ணினார்கள். பெரும்பாலான எரிகற்கள் சில வினாடிகளில் அணைந்துவிடும். இது போன்றவை பல துண்டுகளாக வரிசைகட்டி, ஒரு நிமிடம் வரைகூட மெதுவாக நகரும்.

இன்றிரவே தொடங்குவதானால், அன்றன்றைய பாதைத் தரவை இறக்கிக்கொண்டு, குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே திடலில் நில்லுங்கள்.